லாந்தர் திரி எப்படி எண்ணெய் குடிக்கிறது? புதிதாகத் திரி போடுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

காங்கேயம் பக்கத்தில் அக்கா வீட்டுத் தோட்டம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி டிரான்ஸ்பார்மர் போய், விடியும்வரை கரண்ட் இல்லை. அக்கா மகள் அட்டாலியில் கிடந்த பழைய லாந்தரை இறக்கித் துடைத்திருக்கிறாள். ரேஷனில் சீமெண்ணெய் வாங்கி வெகுகாலமாகிவிட்ட வீடு. செக்கில் ஆட்டி வைத்த தேங்காயெண்ணெய் மட்டும் குடம் குடமாக இருக்கிறது. அதையே டேங்க் நிறைய ஊற்றிப் பற்ற வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் எரிந்தது. அப்புறம் சுடர் சுருங்கிச் சுருங்கி, திரி கருகி, கருகல் நாற்றத்தோடு அணைந்துவிட்டது. திரும்பப் பற்ற வைத்தால் இன்னும் சீக்கிரம் அணைகிறது.

மறுநாள் காலை போன் செய்தாள். "மாமா, டேங்க் நெறைய எண்ணெய் இருக்குதுங். திரியும் நனஞ்சுதான் இருக்குதுங். அப்புறம் ஏனுங் அணையுது?"

இந்த ஒரு கேள்விக்குள் திரியின் முழுக் கதையும் இருக்கிறது. லாந்தர், பத்துத் திரி ஸ்டவ், காடா விளக்கு, அகல், கொசு லிக்விட் மெஷின் எல்லாம் ஓடுவது ஒரே விதியில்தான். நான் இருபது வருஷமாகத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருக்கிறேன். துணி தண்ணீரை எப்படிக் குடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் தினப்படி வேலை. வீட்டில் ஆறு பழைய லாந்தர்கள் இருக்கின்றன, ஆறும் எரியும். அவளுக்குப் போனில் சொன்னதை இங்கே நிதானமாக, விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எரிவது திரி இல்லை

முதலில் ஒன்றை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். ஒரு மெழுகுவத்தியைப் பற்றவைத்து ஐந்து நிமிஷம் எரியவிடுங்கள். காற்றாடாத அறையாக இருக்கட்டும். பிறகு ஊதி அணையுங்கள். திரி நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக் கோடு எழும்பும். எரிகிற தீக்குச்சியை அந்தக் கோட்டில், திரிக்கு அரை அங்குலம் மேலே காட்டுங்கள். தீ கோட்டு வழியாகக் கீழே ஓடிவந்து திரியில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் திரியைத் தொடவே இல்லை.

அந்த வெள்ளைக் கோடு மெழுகின் ஆவி. விளக்கில் எரிவது அதுதான். சீமெண்ணெய் விளக்கில் சீமெண்ணெயின் ஆவி, அகலில் நல்லெண்ணெயின் ஆவி. திரியின் வேலை இரண்டே. கீழே கிடக்கும் எண்ணெயை நுனிக்கு ஏற்றவேண்டும், நுனியில் அது ஆவியாக இடம் தரவேண்டும். திரி ஒரு வாய்க்கால், சுடர் அதன் கடைமடை வயல்.

இந்த உவமையைக் கீழ்பவானிப் பாசனத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதே இல்லை. அணையில் தண்ணீர் இருந்தும் கடைமடை காய்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்பது மட்டும் கணக்கு இல்லை, வயல் குடிக்கிற வேகத்துக்கு அது வந்து சேர்கிறதா என்பதுதான் கணக்கு. அக்கா மகளின் லாந்தரில் நடந்தது இதேதான். அணை நிறைந்திருந்தது, வாய்க்கால் நனைந்திருந்தது, கடைமடைக்கு மட்டும் போதுமான அளவு வந்து சேரவில்லை.

எண்ணெய் குறைந்தால் ஏன் திரி கருக வேண்டும்? நுனியில் எண்ணெய் ஆவியாகும்போது அந்த இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் கசிந்த தண்ணீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறதே, அதே காரியம். எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறவரை பஞ்சுக்குச் சூடு அளவோடுதான் ஏறும். வரத்து நின்றதும் பஞ்சு தனியாகத் தீயில் மாட்டிக்கொள்கிறது. கருகின பஞ்சில் கீலும் கரியும் அடைத்துக்கொள்ளும், அதனால் அடுத்த தடவை எண்ணெய் இன்னும் குறைவாக வரும், இன்னும் சீக்கிரம் கருகும். அவள் திரும்பப் பற்றவைத்தபோது நடந்தது இதுதான்.

ஏன் மேலே ஏறுகிறது

ஈரத் தரையில் வேட்டி நுனி பட்டால் ஈரம் முழங்கால்வரை ஏறிவிடும். மழைக்காலத்தில் மண்சுவரின் அடியிலிருந்து ஈரம் இடுப்பளவு ஏறி நிற்கும். பாடப் புத்தகத்தில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நுண்புழை என்றால் மெல்லிய துவாரம்.

எந்தத் திரவமும் தனக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். தொட்டுக்கொண்டிருக்கும் பொருளோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். பொருளின்மேல் இழுப்பு கூடுதலாக இருந்தால் திரவம் அதன்மேல் படர்ந்து ஏறும். துவாரம் அகலமாக இருந்தால் தூக்கவேண்டிய எடை அதிகம், சீக்கிரம் நின்றுவிடும். துவாரம் மெல்லியதாக ஆக ஆக எடை குறையும், உயரம் கூடும். கணக்குப் போட்டால், 1 மில்லிமீட்டர் அகலத் துவாரத்தில் சீமெண்ணெய் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும். அதையே 0.04 மில்லிமீட்டர் ஆக்கினால் 34 சென்டிமீட்டர்வரை ஏறும், ஏறக்குறைய முக்கால் முழம்.

பருத்தி இழை ஒன்றின் பருமன் சுமார் 0.012 முதல் 0.02 மில்லிமீட்டர். நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. இப்படிப்பட்ட இழைகள் ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடந்தால் அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளிகள்தான் நம் துவாரங்கள். எண்ணெய் பெரும்பாலும் ஓடுவது இழைக்கு உள்ளே இல்லை, இழைகளுக்கு நடுவே. இந்த ஒன்று மனதில் நின்றால் திரி போடுவதில் பாதி விளங்கிவிடும். திரியை இறுக்கிச் சுருட்டினால் வாய்க்காலையே நசுக்குகிறீர்கள். பொலபொலவென்று விட்டால் வாய்க்கால் அகலமாகி உயரம் ஏறாது.

எவ்வளவு உயரம் என்பது ஒன்று, எவ்வளவு நேரத்தில் என்பது வேறொன்று. புதிதாகப் பழகுவோர் தடுமாறுவது இங்கேதான். நன்றாகத் துவைத்த பழைய வெள்ளைப் பனியனிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். பென்சிலால் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். முதல் இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடும். நாலாவது கோட்டுக்கு அதைப்போல நாலு பங்கு நேரம் ஆகும். எட்டாவது கோட்டுக்குப் பதினாறு பங்கும் அதற்கு மேலும் ஆகும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. 1918இல் லூகாஸ் என்பவரும் 1921இல் வாஷ்பர்ன் என்பவரும் இந்தக் கணக்கைத் தனித்தனியே எழுதினார்கள். பாதை நீள நீள, உரசலும் சேர்ந்து நீளுகிறது.

எண்ணெயின் பிசுக்கு

இப்போது தேங்காயெண்ணெய்க்கு வருவோம். ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்வாக நிறுத்துங்கள். மேல் விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். தண்ணீர் ஓடும், தேங்காயெண்ணெய் நடக்கும், விளக்கெண்ணெய் தவழும். இந்தப் பிசுக்குக்குப் பாகுநிலை என்று பெயர். சீமெண்ணெய் கிட்டத்தட்டத் தண்ணீரோடு சேர்ந்தே ஓடக்கூடியது. தேங்காயெண்ணெய்க்கு அதைவிட இருபது மடங்குக்கு மேல் பிசுக்கு. கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, ஆட்டி எடுக்கிற விளக்கெண்ணெய்க்கோ தேங்காயெண்ணெயைவிடவும் பத்து மடங்குக்கு மேல்.

இந்த மூன்று எண்ணெய்க்கும் திரியில் ஏறக்கூடிய உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏறுகிற வேகத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சின்ன லாந்தர் ஒன்று மணிக்குச் சுமார் 20 மில்லி சீமெண்ணெய் எரிக்கும். லாந்தரின் டேங்க் அடியிலிருந்து சுடருக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் தேங்காயெண்ணெய் மணிக்கு 20 மில்லி வராது, எந்தத் திரி போட்டாலும் வராது. பற்றவைத்த புதிதில் எரிந்தது திரியில் ஏற்கெனவே ஊறியிருந்த எண்ணெய். அது தீர்ந்ததும் பட்டினி.

நம் வீட்டு அகலை இப்போது எடுத்துப் பாருங்கள். ஏன் அவ்வளவு ஆழமில்லாத கிண்ணம்? ஏன் திரி எண்ணெயிலேயே படுத்துக்கொண்டு நுனியை மட்டும் விளிம்புக்கு மேல் நீட்டுகிறது? நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒரு விரற்கடைக்கு மேல் ஏறிவர நேரம் பிடிக்கும் என்பதால்தான். எண்ணெயைச் சுடருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். குத்துவிளக்கு ஆள் உயரம் இருந்தாலும் எண்ணெய் நிற்பது உச்சித் தட்டில், அடியில் இல்லை. 1850களில் சீமெண்ணெய் விளக்கு வந்த பிறகுதான், பம்பு எதுவும் இல்லாமல் திரியை மட்டும் நம்பி டேங்க்கைச் சுடருக்குக் கீழே, தூரத்தில் வைப்பது பரவலானது. லாந்தரின் உருவமே சீமெண்ணெய்க்கென்று பிறந்த உருவம். அந்தப் பழைய குயவர்கள் பாகுநிலை என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அகலின் வளைவில் அந்தக் கணக்கு இருக்கிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

"சுடர் விளக்காயினும் தூண்டுகோல் வேண்டும்" என்பார்கள். தாவர எண்ணெய்கள் சீமெண்ணெயைப்போல் லேசில் ஆவியாவதில்லை. மிக அதிகச் சூட்டில் சிதைந்துதான் ஆவியாகின்றன. அதனால் அகல்திரியின் நுனி எப்படியும் கருகும். எண்ணெய் இறங்க இறங்கப் பாதையும் நீளும். தூண்டுகோல் கருகலைத் தட்டிவிட்டு, புதுப் பஞ்சை முன்னுக்குத் தள்ளுகிறது.

பஞ்சைப் பற்றி

என் தொழில் இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தறியிலிருந்து வந்த சலவை செய்யாத துணியை நாங்கள் கிரே துணி என்போம். லேபில் அதை ஒரு வளையத்தில் இழுத்து மாட்டி, 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்துவோம். சொட்டின் பளபளப்பு மறைகிற நொடியில் நிறுத்துவோம். கிரே துணியில் அந்தச் சொட்டு தாமரை இலைத் தண்ணீர்தான். உருண்டையாக, விளக்கு வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு, நிமிஷக் கணக்கில் அப்படியே நிற்கும். அதே துணியைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டுப் பிளீச் செய்து கொண்டுவந்தால் சொட்டு விழுந்த இடம் தெரியாது. விரல் பட்டனைத் திரும்ப அழுத்துவதற்குள் போய்விடும்.

காரணம் மெழுகு. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. எடையில் பார்த்தால் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். அந்தத் துளி மெழுகு போதும், தண்ணீரைத் தள்ளி நிறுத்த. மழையில் நனைகிற செடிக்கு அது தேவையாக இருந்திருக்கிறது.

ஆனால் எண்ணெய்க்கு மெழுகு பகை இல்லை, சொந்தம். கிரே துணியில் சீமெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தயங்காமல் படரும். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காட்டில் வெடித்த பருத்தியைக் கொட்டை நீக்கி, அப்படியே தொடையில் வைத்து உருட்டித் திரி செய்வார். வெளுக்காத பஞ்சு. கார்த்திகை தீபத்துக்கு அது குறையில்லாமல் எரியும். சந்தைக் கடைகளில் தொங்கிய காடா விளக்கும் வெளுக்காத காடாத் துணியைத் திரித்துப் போட்டதுதான். எண்ணெய் விளக்குக்கு மெழுகு நீக்கிய மருந்துக்கடைப் பஞ்சுதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைப் போட்டால் தப்பில்லை, கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். தண்ணீரோடு கலக்கக்கூடிய திரவத்தைக் குடிக்கவேண்டிய திரிக்குத்தான் மெழுகு நீக்கிய பஞ்சு அவசியம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பாலியஸ்டர். திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், அதிலிருந்து திரி வெட்டத் தோன்றும். அதில் பாதி கலப்பு நூல். ஒருமுறை அவசரத்துக்கு அப்படி ஒரு பட்டையை நான் லாந்தரில் போட்டேன். பத்து நிமிஷத்தில் நுனி உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டு, பர்னர் வாயில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. எந்தத் துணியானாலும் முதலில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசமும் ஊதினால் பறக்கிற சாம்பலும் வந்தால் பருத்தி. சுருண்டு உருகி மணி விழுந்தால் வேண்டாம்.

இரண்டாவது, புதுத் துணி. கடையில் தொட்டதும் வழுவழுவென்று இருக்கவேண்டும் என்பதற்காகக் கடைசியில் சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டு அனுப்புகிறோம். புதுப் பனியன் வியர்வையைச் சரியாக இழுக்காததற்கு அது பெரும்பாலும் காரணம். மேலே சொன்ன மஞ்சள் தண்ணீர்ச் சோதனைக்குப் பழைய பனியன் என்று சொன்னதும் இதனால்தான்.

திரி போடுவது

லாந்தருக்குக் கடையில் நெய்த பட்டைத் திரி கிடைக்கும். ஈரோடு, கோவை பழைய கடைவீதிகளில் பாத்திரக் கடைக்காரரிடமோ ஹார்டுவேர் கடையிலோ கேளுங்கள். பர்னரைக் கையோடு கொண்டுபோய் விடுங்கள், அளவு சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம். நடுத்தர லாந்தர்களுக்கு முக்காலே அரைக்கால் (7/8) அங்குல அகலம் அதிகம் பயன்படும், சின்னதுக்கு அரை அங்குலம்.

டேங்க்கை முதலில் காலி செய்யுங்கள். பழைய சீமெண்ணெய் மஞ்சளாகி, அடியில் பிசினாக உறைந்திருக்கும். கொஞ்சம் புதுச் சீமெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த டேங்க் என்றால் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். தண்ணீர் சீமெண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியிலேயே கிடக்கும், திரியின் வாலும் அங்கேதான் கிடக்கும். அப்புறம் விளக்கு படபடவென்று வெடித்து வெடித்து எரியும், அல்லது எரியவே எரியாது. டேங்க்கைக் கவிழ்த்து வெயிலில் ஒரு பகல் காயவையுங்கள். புதுத் திரியையும் பக்கத்திலேயே போடுங்கள். பஞ்சு காற்றிலிருந்தே ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

திரியின் மேல் நுனியைக் கூரான கத்திரியால் நேராக வெட்டுங்கள். பிசிறு இருந்தால் ஒவ்வொரு பிசிறும் ஒரு தனிச் சுடராகிப் புகையும். இரண்டு மூலையையும் துளியூண்டு சரித்து நறுக்கினால் சுடருக்குக் கொம்பு முளைக்காது. கீழேயிருந்து பர்னருக்குள் நுழைத்து, சாவியைத் திருகுங்கள். உள்ளே உள்ள பல்சக்கரம் திரியைக் கவ்வி ஏற்றும். ஒரு பக்கம் முந்திக்கொண்டு ஏறினால் இறக்கிவிட்டு மறுபடி நுழைக்கவேண்டும், இழுத்துச் சரிசெய்யக் கூடாது.

சாவி திருகும்போது விரலுக்குத் தெரிகிற இழுவைதான் இங்கே அளவுகோல். திரி லேசான உராய்வோடு வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கடினமாக இருந்தால் திரி தடிமன் அதிகம், பர்னரின் கழுத்தில் நசுங்கி அங்கேயே எண்ணெய் அடைபடும். கழகழவென்று ஆடினால் திரி ஒல்லி, ஓரத்து இடைவெளி வழியாகச் சூடும் ஆவியும் டேங்க் பக்கம் போகும், அது ஆபத்து. ஓரங்களில் வெளிச்சம் தெரியாமல், நடுவில் நசுங்காமல் இருக்கவேண்டும்.

நீளம் ஒரு சாண் போதும். வால் டேங்க் அடியைத் தொட்டுப் படுத்திருக்கட்டும். அதற்குமேல் நீளம் வைத்தால் டேங்க்குக்குள் சுருண்டு கிடக்கும், பிரயோசனம் இல்லை.

இனி ஊற்றுவது. புனலில் ஒரு மெல்லிய துணியைப் போட்டு வடிகட்டி ஊற்றுங்கள், தூசியும் துருவும் திரியின் வாயிலேயே போய் அடைத்துக்கொள்ளும். ஐந்தில் நாலு பங்கோடு நிறுத்துங்கள். சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டும். விளிம்புவரை ஊற்றிய லாந்தரைத் தூக்கி நடந்தால் பர்னர் வழியே கசிந்து வெளிப்பக்கம் எண்ணெய் பூத்துவிடும். சிந்தியதை முழுக்கத் துடைத்த பிறகே தீப்பெட்டியைத் தொடுங்கள்.

பிறகு அரை மணி நேரம் சும்மா இருங்கள். எல்லாரும் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். காய்ந்த புதுத் திரி அடியிலிருந்து நுனிவரை ஊறவேண்டும். கடைசி இரண்டு சென்டிமீட்டருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பனியன் பட்டையில் பார்த்தோம். கண்ணுக்கு நனைந்தது தெரிந்தாலும் நிறைந்திருக்காது. அதற்குள் பற்றவைத்தால் முதல் தீயிலேயே நுனி கருகும், ஒருமுறை கருகின திரி அந்த இடத்தை வெட்டும்வரை சரியாகக் குடிக்காது. நுனியை விரலால் கிள்ளிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தால் சரி.

பற்றவைத்ததும் சுடரைத் தாழ்த்தி வைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். கண்ணாடி சூடேறி, உள்ளே காற்றோட்டம் நிலைக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வெளிச்சம் போதவில்லை என்று திரியை ஏற்றிக்கொண்டே போனால் புகைதான் வரும், ஏனென்றால் வருகிற ஆவி முழுவதும் எரிய அங்கே காற்று இல்லை. கண்ணாடியில் கரி படிந்தால் திரி உயரம் என்று பொருள். மறுநாள் ஆறின விளக்கில் நுனியின் பொருக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஓரம் கோணலாக இருந்தால் மட்டும் வெட்டுங்கள். டேங்க்கில் கால்பங்கு இருக்கும்போதே அடுத்த தடவை ஊற்றிவிடுங்கள். எண்ணெய் மட்டம் இறங்கினால் ஏற்றம் கூடும், வரத்து குறையும்.

கொசு லிக்விட் மெஷினிலும் இதே ஏற்பாடுதான். புட்டி டேங்க், உள்ளே நிற்கிற கறுப்புக் குச்சி திரி, மேலே தீக்குப் பதிலாக ஒரு சூட்டு வளையம். 2019இல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட இ-சிகரெட்டைப் பிரித்தாலும் ஒரு டேங்க், ஒரு கம்பிச் சுருள், அதற்குள் மெழுகு நீக்கிய பஞ்சு. சுருளின் சூட்டுக்குப் பஞ்சின் வரத்து ஈடுகொடுக்காவிட்டால் அங்கேயும் பஞ்சு கருகும், அந்தக் கருகல் நேராக நுரையீரலுக்குப் போகும். அதில் உள்ள நிகோடின் அடிமைப்படுத்துவது. திரியின் வேலையைப் புரிந்துகொள்ள அதை வாங்கிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை, ஒரு லாந்தர் போதும்.

சீமெண்ணெயோடு பழகும்போது

எரிகிற விளக்கில், சூடான விளக்கில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பெட்ரோல் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. நல்ல சீமெண்ணெய் 35 டிகிரிக்கு மேல்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி விடவேண்டும் என்பது இந்தியத் தரக் கணக்கு. நம் பக்கம் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும் என்பதால், கோடையில் கேனை வெயிலில் வைக்காமல், ஊற்றுகிற வேலையைக் காலைக் குளிர்ச்சியில் முடிப்பது நல்லது. மூடிய அறையில் லாந்தரை எரியவிட்டுத் தூங்கக் கூடாது.

இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். சீமெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடுகிறார்கள். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வரும் வழியில் அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

அக்கா மகளிடம் இத்தனையும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள், "அப்ப டேங்க்குல இருக்கற தேங்காயெண்ணெய என்னங் பண்றது மாமா?" துருப்பிடித்த டேங்க்கில் கிடந்தது, சமையலுக்கு ஆகாது. வடிகட்டி விளக்குக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு விரற்கடை எண்ணெய் மிதக்கவிட்டு, தக்கையில் ஓட்டை போட்டுச் சின்னப் பஞ்சுத் திரி ஒன்றைச் சொருகி மேலே விடவேண்டும். எண்ணெய் இறங்க இறங்கத் தக்கையும் கூடவே இறங்கும், ஏற்றம் மாறவே மாறாது. மார்கழிக் குளிரில் மட்டும் எண்ணெய் உறைந்துபோகும், அப்போது நல்லெண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். மாட்டுக்கொட்டாய்த் திண்ணையில் டம்ளர் விளக்கு, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த லாந்தர் டேங்க், கொடிக்கயிற்றில் சாண் நீளத்துக்கு வெட்டித் தொங்கவிட்ட இரண்டு திரி.